மஸ்கி முள்ளில் புயு கட்டினேன், மாட்டியது என் கட்டைவிரல்

லிந்தாங் ரோட்டுக்காரன் கேட்கிறார்:

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனைக் கொத்து லோரி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஈயக்குட்டையில்தான் கிடப்பேன். பதினைந்து வருடமாகத் தூண்டில் போடுகிறேன். கெளுத்தி, தில்லாப்பியா, எப்போதாவது ஒரு விரால், அவ்வளவுதான். விரால் குடும்பத்துப் பெரிய மீனான தோமானை உயிர் இரை போட்டுப் பிடிக்க ஆரம்பித்தது இந்த வருடம்தான்.

என் மச்சான் அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கிறார். தீபாவளிக்கு வந்தபோது நாலு பாக்கெட் தூண்டில் முள் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே மஸ்கி என்று ஒரு மீன் இருக்கிறதாம். நம் தோமான் மாதிரியே பல்லும் கோபமும் உள்ளதாம். அதற்கு உயிர் மீன் கட்டும் முள் இது. தூண்டில் நரம்பின் நுனியில் கட்டும் ஒரு கம்பி லீடரில் முன்னால் ஒரு மூன்றுமுள் (மூன்று முனை சேர்ந்த முள்), பின்னால் ஒரு மூன்றுமுள். பெயர் குவிக் ஸ்ட்ரைக். "மீன் வாய் வைத்த உடனே இழு மாப்பிள்ளை, காத்திருக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் விமானம் ஏறிவிட்டார்.

போன ஞாயிறு என் மகனோடு போனேன். அவனுக்கு ஒன்பது வயது. பெரிய மீன் மாட்டினால் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடலாம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலமே வாய்க்காலில் இரைக்கு ஆறு புயு மீன் பிடித்து, பெரிய மினரல் வாட்டர் பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி மூடி, லோரியில் வைத்துக் கொண்டுபோனேன். காலையில் பார்த்தால் இரண்டு செத்துக் கிடந்தன. மற்றதும் அசதியாகத்தான் இருந்தன.

முதல் புயு நாலு விரல் அகலம். இரண்டு மூன்றுமுள்ளையும் அதில் குத்தி எறிந்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கியது, பத்து நிமிடத்தில் உயிர் போய்விட்டது. இரண்டாவதைத் தோமான் எடுத்தது. கரையில் இருந்தவர்கள் "ஒரு சிகரெட் நேரம் விடு, முழுங்கட்டும்" என்றார்கள். மச்சான் சொன்னதை மறந்து அவர்கள் பேச்சைக் கேட்டேன். இழுத்துக் கரையில் போட்டபோது முள் தொண்டைக்குள் போய்ச் செவுளில் மாட்டியிருந்தது, ஒரே ரத்தம். இரண்டு கிலோ இருக்கும். "விட்டுடலாம்னு சொன்னீங்களேப்பா" என்றான் மகன். என்ன பதில் சொல்வது? வீட்டுக்கு எடுத்துப்போய்க் கறி வைத்தோம். அவன் தொடவில்லை.

மூன்றாவது புயுவைக் கட்டும்போது அது கைக்குள் ஒரு துள்ளு துள்ளியது. பின்முள் நேராக என் கட்டைவிரலில். மூன்று நாள் நாலு விரலால்தான் ஸ்டியரிங் பிடித்தேன்.

கேட்பது இதுதான். இந்த மஸ்கி முள் நம் தோமானுக்கு ஆகுமா, ஆகாதா? புயுவைக் கையில் குத்து வாங்காமல் கட்டுவது எப்படி? இரை உயிரோடு இருக்கவேண்டும், மீனும் தொண்டையில் முள் வாங்கக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்குமா?

---

தவளை ரப்பர்:

அண்ணே, எதற்கு இந்த வம்பு? ரப்பர் தவளை ஒன்று வாங்குங்க. பாசிமேல் தட்டித் தட்டி இழுத்தால் தோமான் பாய்ந்து அடிக்கும். முள் எப்போதும் வாய் ஓரத்தில்தான் இருக்கும். புயு பிடிக்கவும் வேண்டாம், அதற்குத் தண்ணீர் மாற்றவும் வேண்டாம். நான் உயிர் இரையை விட்டு மூன்று வருடம் ஆகிறது.

---

பால்மரத்தான்:

தம்பி, தவளை சொன்னது தப்பில்லை. ஆனால் மழை பெய்து தண்ணீர் கலங்கிப்போன நாளில் தவளையைக் காலையிலிருந்து வீசினாலும் கை வலிதான் மிச்சம். அந்த நாளுக்குப் புயு வேண்டும்.

எனக்கு 61 வயது. பத்து வயதில் அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஓடையில் தூண்டில் போட்டவன். உன் எழுத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது முள் இல்லை, அந்த மினரல் வாட்டர் பாட்டில்.

உன் புயு மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. சிரிக்காதே. புயு செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் இல்லை. அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றை வாங்குவதற்கென்றே ஒரு அறை இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போகும். அதனால்தான் மழை நாளில் வாய்க்காலை விட்டு ஏறி ரோட்டில் நடந்து போகிறது. ஊர்ப்பக்கம் இதைப் பனையேறிக் கெண்டை என்பார்கள். பனை ஏறுவதை நான் பார்த்ததில்லை, ஆனால் லயத்துப் படிக்கட்டு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். நீ கழுத்துவரை தண்ணீர் ஊற்றி மூடிவிட்டாய். மேலே வந்தால் காற்று இல்லை, மூடிதான் இருக்கிறது. நல்ல தண்ணீருக்குள்ளேயே மூழ்கிச் செத்துப்போகும். மிச்சம் நாலும் அரை உயிர். அரை உயிர் இரையைக் கட்டினால் அது சாயத்தான் செய்யும்.

வாளியில் நாலு விரல் உயரம் தண்ணீர் போதும். மேலே ஒரு சாண் வெற்றிடம் விடு. புயு துள்ளும், அதனால் மூடி கட்டாயம், ஆனால் மூடியில் ஆணியால் பத்து ஓட்டை. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். புயுவைப் பிடித்த வாய்க்கால் தண்ணீரையே ஊற்று. லோரியில் வெயில் படும் பக்கம் வைக்காதே. அவ்வளவு செய்தால் ஒரு நாள் முழுக்க வாளிக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். லம்பாம் மீனுக்கு இந்தக் கணக்கு ஆகாது, அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும், காற்று மோட்டார் வேண்டும், அப்படியும் செதில் உதிர்ந்து செத்துப்போகும். அதை விட்டுவிடு.

வாளி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். 80-களில் நான் பழைய ரப்பர் பால் வாளி ஒன்றைக் கழுவி அதில் இருபது புயு போட்டேன். அரை மணி நேரத்தில் இருபதும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பால் உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றுவோம், உறையவைக்க ஆசிட் ஊற்றுவோம். எது ஒட்டியிருந்ததோ தெரியாது. பால் வாளி, பூச்சி மருந்து டப்பா, உர வாளி எதையும் மீனுக்கு எடுக்காதே, எத்தனை தரம் கழுவினாலும்.

சரி, இப்போது கையில் பிடிப்பது. புயுவின் செவுள் மூடி ஓரத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாயா? ரம்பப் பல் மாதிரி இருக்கும். ஈரத்துணியின் மேல் அதை விட்டுப் பார். செவுள் மூடியை விரித்துத் துணியில் ஊன்றும், வாலை ஒரு உதை உதைக்கும், அரை விரல் நகரும், மறுபடி மறுபக்கத்தை ஊன்றும். அது நடப்பது அந்த ரம்பத்தால்தான், உன் உள்ளங்கையைக் கிழிப்பதும் அதேதான். முதுகிலும் வரிசையாக முள். அதனால் வாலிலிருந்து பிடிக்கப் போகாதே. தலைப்பக்கமிருந்து கையைக் கொண்டுபோய், முதுகு முள்ளைப் பின்னோக்கி அமுக்கிக்கொண்டே மூட வேண்டும். தோட்டத்தில் கொத்து தூக்கப் போடுகிற பருத்திக் கையுறை ஒன்றை இடது கையில் நனைத்துப் போட்டுக்கொள். காய்ந்த கையுறை ஆகாது, மீன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். அந்த வழவழப்புத்தான் அதற்குத் தோலுக்கு மேல் இன்னொரு தோல்.

துள்ளுகிற மீனைக் கையில் வைத்துக்கொண்டு அதே நேரத்தில் கூர்முள்ளையும் கையில் வைத்திருந்தாய் பார், குத்து அங்கேதான் வாங்கினாய். இரண்டையும் பிரித்துவிடு. நான் செய்வது இப்படி. கோப்பிக் கடையில் பொட்டலம் கட்டுகிற சின்ன ரப்பர் வளையம் ஒன்று, கோணி தைக்கிற ஊசி ஒன்று. ஊசிக் காதில் ரப்பரை மாட்டி, புயுவின் முதுகில் முள் வரிசை முடிந்து மெல்லிய துடுப்பு ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு செதிலுக்கு நடுவில் நுழைத்து மறுபக்கம் எடுத்துவிடு. மேலாகக் குத்து. ஆழமாகப் போனால் முதுகெலும்பில் படும், அப்புறம் அது நீந்தாது, சுழலும். ஊசி வெளியே வரும் பக்கத்தில் உன் விரல் இருக்கக்கூடாது. ரப்பரின் இரண்டு காதும் முதுகின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். புயுவை மறுபடி வாளியில் போடு, ஒரு நிமிடம் ஓய்வெடுக்கட்டும். அப்புறம் தூண்டில் முள்ளை எடுத்து இரண்டு காதையும் அதன் வளைவில் மாட்டி, ஒரு முறுக்கு முறுக்கி மறுபடி மாட்டு. மீன் உடம்புக்குள் முள் போகவே இல்லை. முனை வெளியே சும்மா நிற்கும். இப்படிக் கட்டிய புயு ஒரு மணி நேரம் தக்கையை இழுத்துக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் பால் வெட்டியவன் கடைசியில் ரப்பரால்தான் மீன் பிடிக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

எந்த முள்? ஒற்றை முள், முனை உள்பக்கமாக வளைந்த சர்க்கிள் ஹூக், 5/0 அல்லது 6/0 அளவு. வாங்கும்போது மேசையில் படுக்கவைத்துப் பார். தட்டையாகப் படுத்தால் எடு. முனை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றால் வைத்துவிட்டு வா. கோணல் முனை தொண்டையிலும் குத்தும், நேர் முனை வழுக்கி வந்து வாய் மடிப்பில்தான் மாட்டும். அதற்கு மேல் ஒரு அடி கம்பி லீடர். வெறும் தங்கூஸ் தோமான் பல்லுக்கு நிற்காது.

தக்கை அமுங்கியதும் கோலை வெடுக்கென்று வெட்டி இழுக்காதே. இது உனக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும், எனக்கு ஒரு வருடம் ஆனது. கோலை மீன் போகும் திசைக்குக் காட்டு, தொய்வைச் சுற்று, கனம் தெரிந்ததும் சுற்றிக்கொண்டே இரு. முள் தானாகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். வெட்டினால் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பத்தில் மூன்று எனக்கு இப்போதும் கழன்று போகிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் சிகரெட் நேரம் என்ற பேச்சை விட்டுவிடு. அந்தக் காலத்தில் பிடித்ததெல்லாம் சட்டிக்குத்தான், எங்கே குத்தினால் என்ன என்றிருந்தோம். நானும் அப்படித்தான் செய்தேன். நீ மகனுக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறாய், அப்படியென்றால் விடுகிற மாதிரி பிடிக்கவேண்டும்.

மச்சானின் முள்ளைப் பற்றி எனக்கு முழுதாகத் தெரியாது. ஆனால் நாலு விரல் மீனுக்கு ஆறு முனை எதற்கு? குட்டையில் பாதி ஆகாயத்தாமரை, மூன்றுமுள் இரண்டு போட்டால் தோமானுக்கு முன்னால் அதுதான் மாட்டும்.

இன்னொன்று. தண்ணீர்மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிக்கிற மாதிரி தெரிந்தால் அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே எதைப் போட்டாலும் கடிக்கும், பசியில் இல்லை, கோபத்தில். நான் அங்கே போடுவதில்லை. பெரியதைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சு அத்தனையும் சாயங்காலத்துக்குள் மற்ற மீனுக்கு இரை.

---

பனிக்காட்டு மச்சான்:

மாப்பிள்ளை, இந்த மச்சான் நான்தான். உன் அக்கா இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள், "என் தம்பி விரலைக் கெடுத்தீங்களே" என்று. விமானத்துக்கு நேரமாகிவிட்டது, பாதிதான் சொன்னேன், அது என் தப்பு.

பால்மரத்தான் அண்ணன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆறு முனை எதற்கு? இங்கே மஸ்கிக்கு நாங்கள் கட்டுவது நாலு விரல் மீன் இல்லை. சக்கர் என்று ஒரு மீன், பன்னிரண்டு அங்குலம், சில பேர் பதினைந்து அங்குலம்கூடக் கட்டுவார்கள். நம் ஊரில் அந்த அளவு மீனைக் கறிக்கு வாங்குவோம். மஸ்கி அதை எடுத்ததும் முழுங்காது. நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி குறுக்காக வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகும். அப்புறம் நிதானமாகத் திருப்பித் தலைப்பக்கமாக உள்ளே தள்ளும். அது குறுக்காகப் பிடித்திருக்கும்போதே முனை அதன் வாய்க்குள் இருக்கவேண்டும் என்றுதான் இரையின் தலைப்பக்கம் ஒன்று, முதுகில் ஒன்று என்று இரண்டு மூன்றுமுள் வைக்கிறார்கள். அதனால்தான் "உடனே இழு". முன்பு இங்கேயும் ஒற்றை முள்ளைச் சக்கரின் மூக்கில் குத்தி, முழுங்கும்வரை காத்திருந்து இழுப்பார்கள். விட்ட மீன் நன்றாக நீந்திப் போகும், ஆனால் வயிற்றில் முள்ளோடு போனது கொஞ்ச நாள் கழித்துச் செத்துவிடும். ஆராய்ச்சி செய்து பார்த்து, இப்போது விஸ்கான்சினில் மஸ்கி சீசனில் 8 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள உயிர் மீன் கட்டினால் ஒன்று குவிக் ஸ்ட்ரைக் போடவேண்டும், இல்லாவிட்டால் நேர் முனை சர்க்கிள் ஹூக் போடவேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். அண்ணன் மேசையில் படுக்கவைத்துப் பார்ப்பதாகச் சொன்ன அதே முள்தான்.

தோமான் உன் புயுவை ஒரே வாயில் எடுத்துவிடும், குறுக்காகப் பிடிக்க அதில் என்ன இருக்கிறது? ஆகவே நான் கொடுத்த நாலு பாக்கெட்டையும் டப்பாவில் வைத்துவிடு. என்றைக்காவது தெமெங்கோர் ஏரியில் ஒரு முழ நீள இரை கட்டினால் எடுக்கலாம்.

இங்கே இந்த மீனுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1955-லிருந்து மஸ்கிதான் விஸ்கான்சினின் மாநில மீன். ஹேவர்ட் என்ற ஊரில் 143 அடி நீளத்துக்கு ஒரு மஸ்கி சிலை கட்டி, அதன் வாய்க்குள் ஆள் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலான ஏரிகளில் 40 அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக்கூடாது. நான் ஏழு இலையுதிர்காலம் குளிரில் நின்றேன். பிடித்தது மூன்று. மூன்றையும் விட்டுவிட்டேன்.

இரை விஷயத்திலும் கெடுபிடி. ஏரியிலிருந்து உயிர் மீனை வேறு ஏரிக்குக் கொண்டுபோகக்கூடாது, படகில் தேங்கிய தண்ணீரை அங்கேயே கொட்டிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். 2007-ல் வின்னபேகோ ஏரிப்பக்கம் மீனுக்கு ரத்தம் கசிகிற ஒரு வைரஸ் நோய் வந்தது, அதிலிருந்து இன்னும் கடுமை. நம் தோமானுக்கும் இங்கே ஒரு பெருமை உண்டு. 2002-லிருந்து விரால் குடும்பத்து மீன் எதையும் உயிரோடு அமெரிக்காவுக்குள் கொண்டுவரத் தடை. ஒரு தோமானை நான் உயிரோடு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் மீனுக்கு முன்னால் என்னை உள்ளே போட்டுவிடுவார்கள்.

---

வெள்ளை உடுப்பு:

நான் தாதி. மீன் பிடிக்கத் தெரியாது, என் வீட்டுக்காரர் பிடிப்பார், நான் சுத்தம் பண்ணுவேன். ஆனால் கட்டைவிரல் கதையைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை.

அண்ணே, முள்ளை எப்படி எடுத்தீர்கள் என்று எழுதவில்லையே? பிளேயரால் பின்னோக்கி இழுத்திருந்தால் முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள் சதையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும். மூன்றுமுள் ஆனால் மற்ற இரண்டு முனையை முதலில் வெட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் துணியோ தக்கையோ சுற்றவேண்டும். எடுக்கப்போகிறவர் கையில் அது குத்தி, இரண்டு பேராக வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆழமாகப் போயிருந்தால் நீங்களே எடுக்காதீர்கள். தங்கூஸை வெட்டிவிட்டு, முள்ளோடு கிளினிக்குக்கு வாருங்கள், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடுவோம். கண்ணில் என்றால் எதையும் தொடவேண்டாம். ஒரு கோப்பையைக் கவிழ்த்து மேலே படாமல் மூடிக் கட்டி நேராக ஆஸ்பத்திரி. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எறிகிறீர்களே, அவனுக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள், வெயில் கண்ணாடி போதும்.

முள்ளை வாங்கியதும் எதிர்முள்ளைப் பிளேயரால் அமுக்கித் தட்டையாக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? குட்டை மண் பட்ட காயத்துக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளவேண்டும். அதைவிட எனக்குப் பயம் எலி மூத்திரக் காய்ச்சல். செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமே இல்லை, அந்தத் தண்ணீர்தான் குட்டைக்கும் வாய்க்காலுக்கும் வருகிறது. திறந்த காயத்தோடு அதில் கை வைக்காதீர்கள், தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஒன்று இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், "குட்டையில் மீன் பிடித்தேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டெங்கியை மட்டுமே தேடிக்கொண்டிருப்பார்கள்.

கெளுத்தி முள் குத்தினால், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் கையை வைத்திருங்கள், வலி இறங்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் முதலில் பாருங்கள். வலி வெறியில் கையை வேகவைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

---

லிந்தாங் ரோட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. தாதி அக்கா, பிளேயரால்தான் இழுத்தேன். மறுநாளே அரசாங்க கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். கடைசியாகப் போட்டது பள்ளிக்கூடத்தில். அங்கே இருந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த ஞாயிறு மறுபடி போனேன். விரலில் பிளாஸ்டர், மகனுக்குப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஏழு வெள்ளிக் கண்ணாடி. பெயின்ட் வாளி புதிது ஒன்று, மூடியில் ஓட்டை, நாலு விரல் தண்ணீர், எட்டு புயு. எட்டும் குட்டைக்கு வந்து சேரும்போது வாளிக்குள் தடதட என்று அடித்துக்கொண்டிருந்தன. கோணி ஊசி அம்மாவிடம் இருந்தது. முதல் இரண்டு புயுவுக்கு ரப்பர் அறுந்தது, மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி முதுகு முள்ளை அமுக்கிக்கொண்டு பிடித்தால் அது ஏனோ அடங்கிவிடுகிறது, துள்ளவே இல்லை.

பத்தரை மணிக்குத் தக்கை போனது. வெட்டி இழுத்துவிட்டேன். பழக்கதோஷம். புயு மட்டும் திரும்பி வந்தது, முதுகில் பல் வரிசையோடு. மகன் "தாத்தா சுத்தச் சொன்னாரு, நீங்க இழுத்திட்டீங்க" என்றான். அவனையும் இதைப் படிக்கவைத்தது தப்பு.

இரண்டாவது தரம் அவனிடமே கோலைக் கொடுத்தேன். அவனுக்கு வெட்டி இழுக்கத் தெரியாது, அதனால் சுற்றிக்கொண்டே இருந்தான். பாதியில் கை ஓய்ந்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். மூன்று கிலோவுக்குக் குறையாது. முள் வலது வாய் மடிப்பில் நின்றது, வெளியே தெரிந்தது, பிளேயரால் ஒரு திருகு, அவ்வளவுதான். ஈரச் சாக்கில் வைத்துப் படம் எடுத்தோம். தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு அப்புறம் போனது.

ஒரு சந்தேகம் பாக்கி. மிச்சம் நாலு புயு இருக்கிறது. கோயில் குளத்தில் விடலாமா? மகன் கேட்கிறான்.

---

பால்மரத்தான்:

பையனுக்கு என் கணக்கில் ஒரு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடு. அவன் கை உன் கையைவிட நல்ல கை.

கோயில் குளத்தில் விடாதே. பிடித்த அதே வாய்க்காலில் விடு. புயு நம் ஊர் மீன்தான், ஆனால் வாய்க்கால் தண்ணீரில் என்ன நோய் இருக்கிறதோ, அதையும் சேர்த்து அர்ச்சகர் வளர்க்கிற மீனுக்குக் கொடுப்பானேன்? தில்லாப்பியாவையோ வெளியூர் மீனையோ இரையாக வைத்திருந்தால் வாய்க்காலில்கூட விடாதே, எடுத்துப்போய்ப் பொரி. நம் குட்டையில் இப்போது எத்தனை வகை வெளிநாட்டு மீன் திரிகிறது பார், எல்லாம் யாரோ ஒருத்தர் பாவம் என்று விட்டதுதான்.

---

லிந்தாங் ரோட்டுக்காரன்:

சரிங்கண்ணே. இரண்டை வாய்க்காலில் விட்டோம். இரண்டை அவன் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறேன் என்று அடம் பிடித்தான். மூடி போடச் சொன்னேன், மறந்துவிட்டான். இன்று காலை ஐந்து மணிக்கு நான் லோரிக்குக் கிளம்ப எழுந்தால் ஒன்று அடுப்படியில் அரிசித் தொட்டிக்கு அடியில் இருந்தது, தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு, உயிரோடு. இன்னொன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.